சீட்டில் எழுதியதைச் சொல்லுங்கள்

2023 மே மாதம். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களை ஆம்புலன்ஸ்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் புதுச்சேரிக்கும் கொண்டு ஓடின. விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கும் மேல் மாண்டார்கள். இரண்டு முறையும் நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் அடிபட்ட சொல் மெத்தனால். அந்தப் பெயர் எல்லோருக்கும் பழகிவிட்டது. அது உடம்புக்குள் என்ன செய்யும் என்ற செய்திதான் குப்பத்துக்கும் காலனிக்கும் முதலில் போயிருக்க வேண்டியது.

மெத்தனால் குடித்த கையோடு ஆளைச் சாய்ப்பதில்லை. கல்லீரலில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அதற்கு அரை நாள், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். அதுவரை வழக்கமான போதை மாதிரிதான் இருக்கும். வாந்தி எடுத்துவிட்டுத் தூங்குகிறவரைப் பார்த்து, தெளிந்துவிடும் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். பிறகு வயிற்றைப் பிசையும் வலி, மூச்சிரைப்பு, கண் மங்கல். பார்வை நரம்பு அந்த அமிலத்துக்கு எளிதில் பலியாகும். இரத்தத்தில் அமிலம் ஏறிப்போன இந்த நிலையைத்தான் டாக்டர்கள் மெட்டபாலிக் அசிடோசிஸ் என்று எழுதுகிறார்கள். கூடவே டயாலிசிஸ் என்றும் எழுதுவார்கள். அதைக் கேட்டதும் குடும்பம், 'கிட்னி போச்சா?' என்று அலறும். இங்கே டயாலிசிஸ் செய்வது இரத்தத்தில் கலந்துள்ள மெத்தனாலையும் அமிலத்தையும் இயந்திரத்தின் வழியாக வெளியே எடுப்பதற்காக. ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரி கிடைத்தால், ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்ற தயக்கத்தில் போகும் நேரம் மிச்சமாகும். 'கண்ணு மங்கலா இருக்கு' என்று ஒருவர் சொன்னதுமே அவரோடு குடித்த எல்லோரையும் வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

மருத்துவச் சொல்லுக்கு அகராதியில் ஒரு விளக்கம் இருக்கும். நோயாளிக்குத் தேவையான விளக்கம் வேறு. இது என் உடம்பை என்ன செய்கிறது? எத்தனை நாளைக்கு இருக்கும்? என்ன ஆனால் நான் திரும்ப ஓடிவர வேண்டும்? இந்த மூன்றையும் சொல்லாத எந்தச் சொல்லும், அது இங்கிலீஷாக இருந்தாலும் நல்ல தமிழாக இருந்தாலும், நோயாளியின் கையில் வெறும் காகிதம்தான். மருந்து எழுதுவது எப்படி வைத்தியமோ அப்படியே இதைச் சொல்வதும் வைத்தியத்தில் சேர்ந்தது. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் ஒரு முனையில். 2010இல் திறக்கப்பட்ட முண்டியம்பாக்கம் கல்லூரி இன்னொரு முனையில். இரண்டுக்கும் நோயாளிகளை அனுப்பிவைக்கும் திண்டிவனம் அரசு மருத்துவமனை மூன்றாவது முனையில். ஒலக்கூர், மயிலம், வானூர், செஞ்சிப் பக்கத்து மக்கள் மஞ்சள் பையில் பழைய சீட்டு, ஸ்கேன் படம், சுகர் நோட்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு இந்த மூன்று ஊர்களுக்கும் அலைகிறார்கள். பையில் உள்ளதை அடுத்த டாக்டர் படித்துவிடுவார். பையைச் சுமந்து வந்தவருக்கு மட்டும் அதில் உள்ளது தெரியாது.

எந்த உப்பு?

நம் பக்கத்தில் 'உப்பு' படும் பாட்டைக் கவனியுங்கள். ஒருவர், 'எனக்கு உப்பு ஏறிப்போச்சாம்' என்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரர், 'எங்க அப்பாவுக்கு உப்பு எறங்கிப்போச்சு' என்கிறார். மாதமாக இருக்கும் பெண்ணுக்கு 'உப்பு நீர்'. பிரஷர்காரருக்கு 'உப்பைக் குறைங்க'. நான்கும் வெவ்வேறு சங்கதிகள்.

ஏறிப்போனது பெரும்பாலும் கிரியாட்டினின். அது சமையல் உப்பே இல்லை. தசைகள் வேலை செய்வதால் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றும். வடிக்கும் வேலை மந்தமானால் இரத்தத்தில் அதன் அளவு கூடும். லேப் சீட்டில் பொதுவாக 0.6 முதல் 1.2 வரை சரி என்று போட்டிருக்கும். ஆனால் மெலிந்து, தசை வற்றிப்போன பாட்டிக்கு 1.1 என்பதுகூடச் சிறுநீரகம் சோர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதனால்தான் வயதையும் சேர்த்துக் கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். அது 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் 'க்ரானிக்', அதாவது நாள்பட்ட சிறுநீரக நோய்.

உப்பு ஏறியது என்று கேள்விப்பட்டவர் வீட்டில் என்ன செய்கிறார்? குழம்பில் உப்பைப் பாதியாக்குகிறார். அதுவும் நல்லதுதான். ஆனால் மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையை நிறுத்துவதில்லை. சிறுநீரகத்தை நாளுக்கு நாள் அரிப்பது அந்த மாத்திரை. கிரியாட்டினின் என்ற பெயர் அவர் வாயில் நுழையாமல் போகட்டும். 'வலி மாத்திரை உங்க கிட்னிக்கு ஆகாது' என்ற வாக்கியம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

இறங்கிப்போனது சோடியம். வயதானவர்களுக்கு, அதிலும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு, அது திடீரென்று குறையும். ஆள் பிதற்றுவார், தள்ளாடுவார், பகலெல்லாம் தூங்கி வழிவார். வீட்டில், 'வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுப்போச்சு' என்பார்கள். ஒரு இரத்தப் பரிசோதனை போதும், கண்டுபிடித்துவிடலாம்.

கர்ப்பிணியின் உப்பு நீர் என்பது சிறுநீரில் இறங்கும் அல்புமின், அதாவது புரதம். ஐந்து மாதத்துக்குப் பிறகு அதோடு இரத்த அழுத்தமும் 140/90ஐத் தாண்டினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. முற்றினால் வலிப்பு வரும். கிராமத்தில் ஜன்னி என்று சொல்லும் வலிப்புகளில் இதுவும் ஒன்று. 'உப்பு நீர்தான், கால் வீக்கம் எல்லாருக்கும் வர்றதுதான்' என்று தேற்றுகிற அத்தையும் பாட்டியும் நல்ல மனதோடுதான் தேற்றுகிறார்கள். தலைவலி, கண்ணில் மின்னல், மேல்வயிற்று வலி என்றால் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை அவர்களிடமும் சொல்லியிருக்க வேண்டும். மாமியாரை வெளியே நிறுத்திவிட்டு மருமகளிடம் மட்டும் சொன்னால் பாதி வேலைதான் ஆனது.

தமிழ்ச் சொல் இருந்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இங்கேதான் குறைகிறது. உப்பைவிடத் தமிழான சொல் வேறு எது?

கேஸ் என்று நினைத்து

நெஞ்சு வலிக்கு நம் ஊரில் முதல் பெயர் 'கேஸ்'. வாயு பிடித்திருக்கிறது என்று சோடா, பெருங்காயம், ஓமத் தண்ணீர், கடைசியில் மெடிக்கலில் ஒரு மாத்திரை. விடிந்ததும் பார்க்கலாம் என்று படுக்கிறார்கள். நடு நெஞ்சில் பாரம், இடது தோளுக்கோ தாடைக்கோ ஏறும் வலி, குப்பென்று வியர்வை என்றால் அது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டதாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியுமாகவும் வரலாம். மாரடைப்பில் குழாய் அடைபடுகிறது. 'கார்டியாக் அரெஸ்ட்' என்றால் இதயத் துடிப்பே நின்றுபோவது. முன்னதில் நோயாளி நம்மோடு பேசிக்கொண்டிருப்பார். பின்னதில் நினைவிழந்து விழுவார். அவருக்கு அந்த நொடியே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அட்டாக் என்று இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. இதற்குப் பெயர் 'லோடிங் டோஸ்'. வழக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர வேண்டிய மருந்தை, ஆபத்தான நேரத்தில் ஒரே தடவையில் ஏற்றிவிடும் அளவு. இதைச் சொல்லாமல் ஒரு கை நிறைய மாத்திரையைக் கொடுத்தால், 'இவ்ளோவும் ஒரே நேரத்துலயா?' என்று பாதியைப் பையில் போட்டுக்கொள்ளத்தான் தோன்றும்.

சுகரைப் பற்றி இரண்டு வார்த்தை. வெறும் வயிற்றில் பார்த்த எண் ஒருநாள் கடை வசூல் மாதிரி, எச்.பி.ஏ.1.சி. காலாண்டுக் கணக்கு. முந்தைய நாள் சோற்றைக் குறைத்துவிட்டு வந்தால் முதல் எண்ணை இறக்கிவிடலாம். இரண்டாவதை ஏமாற்ற முடியாது. 5.7 முதல் 6.4 வரை இருப்பதைத்தான் 'பார்டர்' என்கிறார்கள். பார்டர் என்றால் நிம்மதி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நடையைக் கூட்டவும் எடையைக் குறைக்கவும் இன்னும் காலம் இருக்கிறது என்பதே அதன் பொருள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, நாட்டில் இப்படி பார்டரில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று சொன்னது.

ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் இன்னும் சில சொற்கள். 'நெகட்டிவ்' என்றால் தேடிய நோய் தென்படவில்லை. நல்ல செய்தி. 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது, 'க்ரானிக்' என்றால் நாள்பட்டது. எது கடுமை, எது லேசு என்று இந்த இரண்டு சொற்களை வைத்து முடிவுகட்ட முடியாது. சீட்டில் பி.டி. என்றிருந்தால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். எஸ்.ஓ.எஸ். போட்ட வலி மாத்திரையை மாதக்கணக்கில் நாள்தோறும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன கிரியாட்டினின் கதை பல வீடுகளில் இங்கேதான் ஆரம்பமாகிறது.

முதலில் வந்தது நாங்கள்

சென்னை–திருச்சி சாலையில் திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு விபத்து என்று வையுங்கள். இராத்திரி நேரத்துக் காஷுவாலிட்டியில் காய்ச்சலோடு ஒரு குழந்தை முன்பே காத்திருக்கிறது. பின்னால் வந்த ஸ்ட்ரெச்சரை நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். 'நாங்கதானே முதல்ல வந்தோம்?' என்று அப்பா சத்தம் போடுகிறார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

நடந்ததற்கு 'ட்ரையாஜ்' என்று பெயர். வந்த வரிசையைப் பார்க்காமல், உயிருக்கு உள்ள ஆபத்தைப் பார்த்துப் பிரிப்பது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பதவி பாராமல் இப்படிப் பிரித்தார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து அவசரப் பிரிவுகளில் இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகள் உண்டு. சிவப்புக்குப் போகிறவர் நிமிடங்களில் இறந்துபோகக்கூடியவர். பச்சையில் உட்காரவைக்கப்பட்டவர் காத்திருக்கலாம். அந்த வண்ணங்களின் அர்த்தத்தை வாசலிலேயே பெரிய எழுத்தில், படத்தோடு எழுதி வைக்கலாம். வாசலில் நிற்கும் காவலாளிக்கும் சொல்லிக்கொடுக்கலாம். செவிலியர் மேல் பாயும் கோபத்தில் பாதி அங்கேயே தணிந்துவிடும்.

இந்தச் சாலையில் வசிப்பவர்கள் தெரிந்துவைக்க வேண்டிய இன்னொன்று, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48'. திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று இத்திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்குட்பட்டு, அரசு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும்.

பாம்புக்கடிக்கு வருவோம். திண்டிவனம் நிலக்கடலை ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஊர். சுற்றிலும் கடலைக் கொல்லை, கரும்பு, சவுக்கு, ஏரிக்கரை. கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் வாழ ஏற்ற பூமி. கடிபட்டவரின் இரத்தம் 2 மில்லி எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன் போன்ற பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது. இதுவே '20 நிமிட இரத்த உறைவுச் சோதனை'. வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்கு அந்த இருபது நிமிடமும், 'ஒண்ணுமே பண்ணாம உக்காத்தி வெச்சிருக்காங்க' என்றுதான் தெரியும். அந்தக் கோபத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் உயிர் போகலாம்.

கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலி, வீக்கம் எதுவும் தெரியாமல் போகலாம். தரையில் படுத்தவர் நடுராத்திரி வயிற்று வலி என்று எழுந்து, விடியும் முன் கண் இமை தொங்கி, பேச்சு குழறினால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே கொண்டு ஓட வேண்டும். 'டோசிஸ்' என்று சீட்டில் எழுதுவது அந்த இமைத் தொங்கலைத்தான். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை 'அறிவிக்க வேண்டிய நோய்' ஆக்கியது. அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் ஒவ்வொரு கடியையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே கடி அதிகம் என்று தெரிந்தால்தான் முறிமருந்தை அங்கே போதிய அளவு வைக்க முடியும்.

கையெழுத்துக்கு முன்னால்

'ரெஃபர் பண்ணிட்டாங்க.' திண்டிவனத்தில் இதைக் கேட்கும் குடும்பம், கைவிட்டுவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறது. இங்கே இல்லாத நிபுணரோ கருவியோ தேவைப்படுகிறது, இதுவரை இன்னின்ன கொடுத்திருக்கிறோம், போகிற வழியில் இதைக் கவனியுங்கள் என்று மூன்று வாக்கியம் சொன்னால் அதுவே பாதி தைரியம். இதற்கு எதிர்முனையில் இருக்கிறது 'டாமா'. டாக்டர் சொல்லியும் கேளாமல் சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிக்கொடுப்பது. அதில் கையெழுத்துப் போடுகிறவர் எதை மறுக்கிறார் என்பது அவருக்கே புரிந்திருக்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கோ, படித்துக் காட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஒப்புதல் என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்து நோயைக் கண்டறிய மட்டும் ஒப்புக்கொண்டிருந்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்தபோதே, தாயாரிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்றது தீர்ப்பு. நினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவருக்குப் பதிலாக, அவசரம் இல்லாதபோது, வேறொருவர் சம்மதம் தர முடியாது என்றும் சொன்னது. என்ன செய்யப் போகிறார்கள், அதனால் என்ன பயன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு தரும் சம்மதமே சம்மதம். தெரியாத மொழியில் அச்சடித்த தாளில் போட்ட கையெழுத்தை அந்தக் கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

நோயாளிக்கு இன்னொரு உரிமையும் உண்டு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, தன் சிகிச்சைக் குறிப்புகளை அவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார், தமிழ் கற்றார், 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். இங்கிலீஷில் படித்தவர்கள் சம்பளத்துக்காக வெளியூர் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர் ஊரோடு இருப்பார் என்பது அவர் கணக்கு. அவருடைய சொற்கள் பலவும் இன்று நமக்குப் பிடிபடாது. இரணம் நிலைத்தது, அங்காதிபாதம் மறைந்தது. மக்கள் வாயில் நின்றதுதான் நின்றது. மணவை முஸ்தபா போன்றவர்கள் பிற்காலத்தில் மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுக்க வாழ்நாளைக் கொடுத்தார்கள். பாடநூல் கழகமும் மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. மாணவருக்கு அவை வேண்டும். ஓ.பி. வரிசையில் நிற்பவருக்கு வேண்டியது அந்த மாணவர் டாக்டரானதும் தன் வாயால் சொல்லப்போகும் பேச்சு.

நேரம் எங்கே என்று டாக்டர்கள் கேட்பார்கள். காலை ஓ.பி.யில் அவர்கள் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது. எல்லாச் சுமையையும் டாக்டர் தலையில் வைக்க வேண்டியதில்லை. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்த் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. மாத்திரையோடு வாசலுக்கு வரும் அந்தப் பெண் தன்னார்வலரே, எந்த மாத்திரை எதற்கு என்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்ல ஏற்றவர். வார்டில், டிஸ்சார்ஜ் தாளின் கீழே தமிழில் நான்கு வரிக்கு இடம் விட்டால் போதும். செவிலியர் எழுதலாம், ஹவுஸ் சர்ஜன் எழுதலாம். எழுதிய பிறகு, 'நான் சொன்னதை நீங்க ஒருதடவை சொல்லுங்கம்மா' என்று கேட்க வேண்டும். பல நாடுகளில் செவிலியர் பயிற்சியிலேயே இது ஒரு பாடமாக இருக்கிறது. அம்மா தவறாகச் சொன்னால், விளக்கியவர் இன்னொரு முறை விளக்க வேண்டும்.

கண்ணாடிவிரியன் கடித்துப் பிழைத்து மயிலத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு அந்த நான்கு வரி இப்படி இருக்கலாம்: உங்களைக் கடித்தது விரியன். விஷம் முறிந்துவிட்டது, ஆனால் கிட்னியைச் சில வாரம் கவனிக்க வேண்டும். அதுவரை வலி மாத்திரை வேண்டாம். மூத்திரம் குறைந்தாலோ முகம் வீங்கினாலோ, தேதியைப் பார்க்காமல் அன்றைக்கே வாருங்கள். கீழே வார்டின் தொலைபேசி எண்.